எத்தனை ஷேர் வாங்குவது? "ரெண்டு பர்சென்ட்" என்பதன் உண்மையான கணக்கு

தண்டையார்பேட்டையில் நான் டீ குடிக்கும் கடையில் காலை ஒன்பதே கால் ஆனதும் சத்தம் குறைந்துவிடும். துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர், மணலியில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவர், எம்.சி. ரோடு துணிக்கடையில் வேலை பார்க்கும் பையன் என்று எல்லோருடைய கண்ணும் போனில் இருக்கும். எந்த ஷேர் ஏறும், எப்போது விற்கலாம் என்று வாதம் நடக்கும். எத்தனை ஷேர் வாங்குவது என்று மட்டும் யாரும் வாதாடி நான் கேட்டதில்லை.

பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால் ஒரே ஒரு வரி வரும்: "ஒரு டிரேடுக்கு ரெண்டு பர்சென்ட்டுக்கு மேல ரிஸ்க் எடுக்கக் கூடாது." எல்லோரும் தலையாட்டுவார்கள். போன மாதம் மூன்று பேரிடம் இதற்கு என்ன அர்த்தம் என்று தனித்தனியாகக் கேட்டேன். ஒருவர், "ஒரு லட்சம் இருந்தா ரெண்டாயிரத்துக்குத்தான் ஷேர் வாங்கணும்" என்றார். இன்னொருவர், "வாங்கின விலையிலிருந்து ரெண்டு பர்சென்ட் எறங்கினா வித்துடணும்" என்றார். மூன்றாமவர்தான், "அந்த டிரேடு தப்பாப் போனா மொத்தப் பணத்துல ரெண்டு பர்சென்ட்டுக்கு மேல போகக் கூடாது" என்றார்.

மூன்றாவதுதான் சரி. முதல் இரண்டும் தப்பான வேறு கணக்குகள். அந்தத் தப்பால் கையிருப்பைத் தொலைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

காசிமேட்டிலிருந்து ஒரு கணக்கு

என் தாய்மாமன் காசிமேட்டில் ஃபைபர் படகு வைத்திருந்தார். வீட்டில் பத்துத் துண்டு வலை இருந்தது என்றால் ஐந்தோ ஆறோதான் படகில் ஏறும். மீன்பாடு நன்றாக இருக்கும் நாட்களிலும் அப்படித்தான். சின்ன வயதில் ஒருமுறை கேட்டேன்: "மாமா, எல்லா வலையையும் போட்டா நெறைய மீன் மாட்டும்ல?"

"மாட்டும்டா. ராத்திரி கப்பல் ஒண்ணு வலை மேல ஏறிப் போச்சுன்னா நாளைக்கு எதை எடுத்துட்டுப் போறது?"

துறைமுகத்துக்கு வரும் கப்பல் வலையை அறுப்பதும், கடலடியில் பாறையில் மாட்டி வலை கிழிவதும் அந்தத் தொழிலில் வழக்கமாக நடப்பவைதான். எந்த ராத்திரி நடக்கும் என்பது மட்டும் தெரியாது. அதனால் மாமா எத்தனை மீன் மாட்டும் என்பதை வைத்து வலையை எண்ணவில்லை. வலை மொத்தமும் போனாலும் மறுநாள் கடலுக்குப் போக முடியுமா என்பதை வைத்து எண்ணினார்.

மார்க்கெட்டில் இதே எண்ணிக்கைக்கு 'பொசிஷன் சைஸிங்' என்று பெயர். ஒரு டிரேடில் எத்தனை ஷேர் வாங்குவது என்பதை, தோற்றால் எவ்வளவு போகும் என்பதை வைத்து முடிவு செய்வது. அவ்வளவுதான் அதன் பொருள்.

போடும் பணமும் போகக்கூடிய பணமும்

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். 24,000 ரூபாய்க்கு ஷேர் வாங்கினால் 24,000 ரூபாயும் ரிஸ்க்கில் இருக்கிறது என்று நினைக்கிறோம். விலை எங்கே போனால் வெளியே வருவோம் என்று முடிவு செய்யாதவருக்கு அது உண்மைதான். முடிவு செய்தவருக்கு ரிஸ்க் அதைவிடக் குறைவு.

அந்த வெளியேறும் விலைக்குப் பெயர் ஸ்டாப் லாஸ். இந்த விலைக்குக் கீழே போனால் நான் நினைத்தது தப்பு என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, அங்கே விற்கச் சொல்லி ஆர்டர் போட்டு வைப்பது.

கையில் ஒரு லட்சம் இருக்கிறது, ஒரு டிரேடில் ஒரு சதவீதம்வரை இழக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதாவது 1,000 ரூபாய். ஒரு ஷேர் 480 ரூபாய். விலை ஏறி இறங்கியதைக் காட்டும் சார்ட்டைப் பார்த்தால் 460-க்குக் கீழே போனால் கதை முடிந்தது என்று தோன்றுகிறது. ஒரு ஷேருக்கு இழப்பு 20 ரூபாய். 1,000-ஐ 20-ஆல் வகுத்தால் 50. ஐம்பது ஷேர் வாங்கலாம். போடும் பணம் 24,000, போகக்கூடிய பணம் 1,000.

அதே 480 ரூபாயில் இன்னொரு ஷேர். இது மெதுவாக நகர்கிற ஷேர், 472-லேயே ஸ்டாப் லாஸ் வைக்கலாம். ஒரு ஷேருக்கு இழப்பு 8 ரூபாய். 1,000-ஐ 8-ஆல் வகுத்தால் 125 ஷேர். இப்போது போடும் பணம் 60,000. போகக்கூடியது அதே 1,000.

இரண்டு டிரேடிலும் விலை ஒன்று, ரிஸ்க் ஒன்று. வாங்கும் எண்ணிக்கை மட்டும் இரண்டரை மடங்கு வேறு. "எப்பவும் நூறு ஷேர்தான் வாங்குவேன்" என்பவர் முதல் டிரேடில் 2,000 ரூபாயையும் இரண்டாவதில் 800 ரூபாயையும் பணயம் வைக்கிறார். ஒரே மாதிரி டிரேடு செய்வதாகத்தான் அவருக்குத் தோன்றும்.

சூத்திரமாகச் சொன்னால் ஒரு வரி: இழக்கத் தயாரான தொகை ÷ (வாங்கும் விலை – ஸ்டாப் லாஸ் விலை) = எத்தனை ஷேர். மீதி வந்தால் கீழ்ப்பக்கமாக முழு எண்ணாக்க வேண்டும். 41.3 வந்தால் 41.

இதில் வரிசை முக்கியம். முதலில் ஸ்டாப் லாஸ், அப்புறம் எண்ணிக்கை. பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். 200 ஷேர் வாங்க வேண்டும் என்று முதலில் ஆசைப்பட்டு, நஷ்டம் ஆயிரத்துக்குள் அடங்குவதற்காக ஸ்டாப் லாஸை 475-இல் கொண்டுபோய் வைக்கிறார்கள். விலை சும்மா மூச்சு விட்டாலே 475-ஐத் தொட்டுவிட்டு மேலே போகும். "என் ஸ்டாப் லாஸை அடிச்சுட்டுத்தான் ஏறுது" என்ற புலம்பலுக்குப் பாதிக் காரணம் இதுதான் என்பது என் கருத்து.

இதுவரை பார்த்ததில் மனதில் வைக்க வேண்டியது இரண்டு. ரிஸ்க் என்பது டிரேடு தோற்றால் போகும் தொகை. அந்தத் தொகையும் ஸ்டாப் லாஸின் தூரமும் சேர்ந்துதான் எண்ணிக்கையைச் சொல்கின்றன.

ஏன் ஒன்று, இரண்டு? ஏன் பத்து இல்லை?

பத்து சதவீதம் கேட்பதற்கு அப்படியொன்றும் பெரியதாகத் தெரியாது. ஆனால் தோல்விகள் வரிசையாக வந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஒரு லட்சத்தில் ஆரம்பித்து, ஒவ்வொரு முறையும் அப்போது கையில் மிச்சமிருக்கும் பணத்தில் ஒரு பங்கை வைத்து, தொடர்ந்து பத்து டிரேடு தோற்றால் மிஞ்சுவது:

1 சதவீதம் வைத்தவருக்கு 90,438 ரூபாய்.
2 சதவீதம் வைத்தவருக்கு 81,707 ரூபாய்.
10 சதவீதம் வைத்தவருக்கு 34,868 ரூபாய்.
20 சதவீதம் வைத்தவருக்கு 10,737 ரூபாய்.

இப்போது பழைய நிலைக்குத் திரும்பும் கணக்கு. 10 சதவீதம் இழந்தவர் மீண்டும் ஒரு லட்சத்தைத் தொட சுமார் 11 சதவீதம் சம்பாதிக்க வேண்டும். 50 சதவீதம் இழந்தால் 100 சதவீதம். 75 சதவீதம் இழந்தால் 300 சதவீதம். பள்ளம் ஆழமாக ஆக, ஏற வேண்டிய உயரம் அதைவிட வேகமாக வளர்கிறது. மேலே இருக்கும் பட்டியலில் 2 சதவீதக்காரருக்கு 22 சதவீத லாபம் போதும். 10 சதவீதக்காரருக்கு 187 சதவீதம் வேண்டும்.

"தொடர்ந்து பத்து தடவையா? அவ்ளோ மோசமாவா டிரேடு பண்ணுவோம்?" என்று கேட்கலாம். பத்தை விடுங்கள், ஐந்தை எடுத்துக்கொள்வோம். வெற்றி தோல்வி சரிபாதி என்று இருக்கும் ஒருவர் நூறு டிரேடு செய்தால், அதற்குள் எங்காவது ஐந்து தோல்வி அடுத்தடுத்து வருவதற்கான வாய்ப்பு சுமார் 81 சதவீதம். ஏழு தோல்வி அடுத்தடுத்து வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் ஒன்று. அவர் எந்தத் தப்பும் செய்யாமலேயே இது நடக்கும். கப்பல் வலையை அறுப்பது போல.

ஜெயிக்கிற ஆட்டத்திலும் காலியாகலாம்

இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படிக்கச் சொல்வேன். "நல்ல டிரேடு எடுத்தால் போதும், அளவு எதுவானாலும் கடைசியில் லாபம்தான்" என்ற நம்பிக்கை இங்கேதான் உடைகிறது.

ஒரு நாணயம். தலை விழ 60 சதவீத வாய்ப்பு, பூ விழ 40. நீங்கள் தலையின் மேல் பணம் வைக்கிறீர்கள். விழுந்தால் வைத்த அளவு லாபம், விழாவிட்டால் வைத்தது போச்சு. உங்களுக்குச் சாதகமான ஆட்டம் என்பதில் சந்தேகமே இல்லை. 10,000 ரூபாயோடு ஆரம்பித்துப் பத்து முறை ஆடுகிறீர்கள், சரியாக ஆறு வெற்றி, நான்கு தோல்வி.

ஒவ்வொரு முறையும் கையிருப்பில் 10 சதவீதம் வைத்திருந்தால் கடைசியில் 11,623 ரூபாய். 20 சதவீதம் வைத்திருந்தால் 12,231. 50 சதவீதம் வைத்திருந்தால் 7,119.

ஆறு முறை ஜெயித்திருக்கிறார். ஆனாலும் கிட்டத்தட்ட மூவாயிரம் நஷ்டம். வெற்றி எந்த வரிசையில் வந்தாலும் இதே விடைதான். வேண்டுமானால் கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள்: 1.5-ஐ ஆறு முறை பெருக்கி, அதை 0.5-ஆல் நான்கு முறை பெருக்குங்கள். ஒவ்வொரு தோல்வியும் பாதியைத் தின்றுவிடுவதால், அதை ஈடுகட்ட ஒரு வெற்றி போதாது. 1.5 × 0.5 = 0.75. ஒரு வெற்றி, ஒரு தோல்வி சேர்ந்தால் கால் பங்கு காணாமல் போகிறது.

அப்படியானால் எது சரியான அளவு? 1956-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜான் கெல்லி இதற்குக் கணக்கு போட்டுக் கொடுத்தார். வைத்த அளவே லாபம் வரும் ஆட்டத்துக்கு அது மிக எளிது: ஜெயிக்கும் வாய்ப்பிலிருந்து தோற்கும் வாய்ப்பைக் கழிக்க வேண்டும். 60 – 40 = 20 சதவீதம். அதற்கு மேல் போகப் போக வளர்ச்சி குறையும். இரண்டு மடங்கான 40 சதவீதத்தில் வளர்ச்சி ஏறக்குறைய பூஜ்யம். அதையும் தாண்டினால், சாதகமான ஆட்டமே உங்களைத் தின்ன ஆரம்பிக்கும்.

இதைப் படித்தவர்களாவது கடைப்பிடிப்பார்களா? விக்டர் ஹகானி, ரிச்சர்ட் டூயி என்ற இருவர் இதே 60-40 நாணயத்தை வைத்து ஒரு சோதனை நடத்தி 2016-இல் வெளியிட்டார்கள். கலந்துகொண்ட 61 பேரும் நிதி, பொருளாதாரம் படிக்கும் மாணவர்கள் அல்லது நிதித் துறையில் வேலை பார்க்கும் இளைஞர்கள். ஆளுக்கு 25 டாலர், அரை மணி நேரம். தலை விழ வாய்ப்பு அதிகம் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். இருந்தும் 28 சதவீதம் பேர் மொத்தத்தையும் இழந்தார்கள். 18 பேர் ஏதோ ஒரு கட்டத்தில் கையில் இருந்த அத்தனையையும் நாணயத்தை ஒரே முறை சுண்டும்போது வைத்தார்கள். அவர்களுக்கு ஆட்டம் தெரியும். அளவுதான் தெரியவில்லை.

சரி, அப்படியானால் மார்க்கெட்டிலும் 20 சதவீதம் வைக்கலாமா? கூடாது. அந்த நாணயத்தில் 60 என்பது உறுதியாகத் தெரிந்த எண். மார்க்கெட்டில் உங்கள் வெற்றி வாய்ப்பு 60-ஆ 45-ஆ என்று உங்களுக்கே தெரியாது. ஆறு மாத லாபத்தை வைத்து அதைக் கணிக்க முடியாது. தெரியாத எண்ணை வைத்துப் பெரிய தொகை போடுவதைவிட, தப்பாகக் கணித்திருந்தாலும் தாங்கும்படி ஒன்று அல்லது இரண்டு சதவீதத்தில் நிற்பது நல்லது. புதிதாக வருகிறவர் அரை சதவீதத்தில் ஆரம்பிக்கட்டும் என்பேன்.

கணக்கு கைவிடும் இடங்கள்

மேலே சொன்ன சூத்திரம், ஸ்டாப் லாஸ் போட்ட விலையிலேயே விற்றுவிடும் என்று நம்புகிறது. எப்போதும் அப்படி நடக்காது. நேற்று 482-இல் முடிந்த ஷேர் இன்று காலை நேராக 430-இல் திறக்கலாம். இதைத்தான் கேப்-டவுன் என்கிறார்கள். இடையில் உள்ள விலைகளில் வியாபாரமே நடக்காததால் உங்கள் ஆர்டர் 430 பக்கத்தில்தான் நிறைவேறும். 50 ஷேர் வைத்திருந்தவருக்கு 1,000-க்குப் பதில் 2,500 நஷ்டம். 472-இல் ஸ்டாப் லாஸ் வைத்து 125 ஷேர் வாங்கியவருக்கு 6,250. கவனியுங்கள், ஸ்டாப் லாஸை நெருக்கமாக வைத்தவருக்குத்தான் அடி பலம். அதனால் இன்னொரு வேலி வேண்டும்: சூத்திரம் எத்தனை சொன்னாலும், இரவைத் தாண்டி வைத்திருக்கும் ஒரே ஷேரில் மொத்தப் பணத்தில் கால் பங்குக்கு மேல் போடுவதில்லை என்று நான் வைத்திருக்கிறேன்.

மார்க்கெட் மொத்தமும் இப்படி விழும் நாட்களும் உண்டு. 2020 மார்ச் 23 அன்று, ஐம்பது பெரிய கம்பெனி ஷேர்களின் குறியீடான நிஃப்டி ஒரே நாளில் சுமார் 13 சதவீதம் இறங்கியது. 2024 ஜூன் 4, தேர்தல் முடிவு வந்த அன்று கிட்டத்தட்ட 6 சதவீதம்.

அந்த மாதிரி நாளில் இன்னொரு உண்மையும் தெரியவரும். ஐந்து பேங்க் ஷேரில் தலா ஒரு சதவீதம் ரிஸ்க் வைத்திருப்பவர், பிரித்து வைத்திருப்பதாக நினைப்பார். ஐந்தும் சேர்ந்தே இறங்கும். ஐந்து படகை ஒரே புயலுக்குள் அனுப்பியது போலத்தான். ஒன்றாக நகரும் ஷேர்களை ஒரே டிரேடு என்று எண்ணி, அந்த ஒரு சதவீதத்தை ஐந்துக்கும் பங்கு போட வேண்டும்.

அடுத்தது மார்ஜின். புரோக்கரிடம் கொஞ்சம் பணத்தைக் கட்டி, அதைப்போல் சில மடங்கு மதிப்புக்கு வாங்கும் வசதி. அன்றே வாங்கி அன்றே விற்கும் இன்ட்ராடேயில், 2021 செப்டம்பரில் முழுமையாக அமலுக்கு வந்த, மார்க்கெட்டைக் கண்காணிக்கும் அமைப்பான செபியின் விதிகளின்படி, ஷேர்களுக்கு ஏறக்குறைய ஐந்து மடங்குவரைதான் கிடைக்கும். அந்த ஐந்தே போதும். டீக்கடையில் சொன்னேனே, துணிக்கடைப் பையன், அவனுக்கு நடந்தது இது. ஒரு லட்சம் வைத்துக்கொண்டு 480 ரூபாய் ஷேர் ஆயிரம் வாங்கினான். மதிப்பு 4,80,000. விலை 20 ரூபாய் இறங்கியது, நாலு சதவீதம்தான். அவன் கணக்கில் 20,000 போயிருந்தது, ஐந்தில் ஒரு பங்கு. மார்ஜின் எத்தனை வாங்க முடியும் என்று சொல்லும். எத்தனை வாங்கலாம் என்று சொல்வது அதன் வேலை இல்லை.

ஆப்ஷனில், அதாவது ஒரு ஷேரையோ குறியீட்டையோ குறித்த விலையில் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தத்தில், வேறு சிக்கல். அங்கே ஒன்று, இரண்டு என்று வாங்க முடியாது, லாட் என்ற கட்டாக மட்டுமே வாங்க முடியும். 2025-இல் நிஃப்டிக்கு லாட் 75 ஆக இருந்தது. 120 ரூபாய்க்கு வாங்கி 90-இல் ஸ்டாப் லாஸ் வைத்தால் ஒரு லாட்டுக்கே 30 × 75 = 2,250 ரூபாய். 50,000 ரூபாய் வைத்திருப்பவருக்கு அது நாலரை சதவீதம். ஒரு சதவீதக் கணக்குப்படி அவர் வாங்கலாம் என்று வரும் எண்ணிக்கை ஒரு லாட்டுக்கும் குறைவு. அதாவது பூஜ்யம். பூஜ்யமும் ஒரு விடைதான், அதையும் ஏற்றுக்கொள்ளப் பழக வேண்டும். ஃபியூச்சர் (பின்னொரு தேதியில் வாங்க, விற்க இன்றே விலை பேசும் ஒப்பந்தம்), ஆப்ஷனில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் நஷ்டப்பட்டார்கள் என்று செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. சராசரியாக ஆளுக்குச் சுமார் 2 லட்சம் ரூபாய். அளவு மட்டுமே அதற்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சின்னக் கையிருப்பும் பெரிய லாட்டும் சேர்ந்தால், கற்றுக்கொள்வதற்கு அவகாசமே கிடைக்காது.

"விட்டதைப் பிடிக்க" இரட்டிப்பது

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். தோற்றால் அடுத்த முறை இரண்டு மடங்கு, அதுவும் தோற்றால் நாலு மடங்கு, ஒருமுறை ஜெயித்தால் எல்லாம் திரும்பிவிடும் என்பார்கள். 1,000 ரூபாயில் ஆரம்பித்து ஏழு முறை தோற்றால் போனது 1,27,000. எட்டாவது முறைக்கு 1,28,000 வேண்டும். அதுவும் ஜெயித்தால் கிடைக்கும் நிகர லாபம் 1,000 ரூபாய். அந்த எட்டாவது முறைக்குத்தான் நம் தெருவில் வட்டிக்கு வாங்குகிறார்கள், சீட்டுப் பணத்தை எடுக்கிறார்கள். கணக்கில் சேர்க்க வேண்டிய மூலதனம், போனாலும் வீட்டில் அடுப்பு எரிவது நிற்காத பணம் மட்டும்தான். பிள்ளையின் பள்ளிக்கட்டணம் அந்த ஒரு லட்சத்துக்குள் இருந்தால், உங்கள் மூலதனம் ஒரு லட்சம் இல்லை.

டீ கிளாஸுக்குப் பக்கத்தில்

அந்தப் பையனிடம் இன்னும் இரண்டு அடிக்குப் பிறகு 62,000 மிச்சமிருந்தது. ஒரு நாள் காலை பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். 312 ரூபாயில் ஒரு ஷேர் பார்த்து வைத்திருந்தான். எங்கே போனால் தப்பு என்று ஒத்துக்கொள்வாய் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சார்ட்டைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு 297 என்றான். பஜ்ஜி மடித்துக் கொடுத்த தாளின் ஓரத்தில் எழுதினோம். 62,000-இல் ஒரு சதவீதம் 620. வித்தியாசம் 15. வகுத்தால் 41.3.

"இன்னாண்ணா, நாப்பத்தியொண்ணுதானா? நான் எப்பவும் ஐந்நூறு எடுப்பேன்."

ஐந்நூறுக்கு எவ்வளவு போகும் என்று அவனையே பெருக்கச் சொன்னேன். 7,500 என்று எழுதினான். அதை 62,000-க்குப் பக்கத்தில் எழுதி, ரொம்ப நேரம் இரண்டு எண்ணையும் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு 41 போட்டான்.

மதியமே ஸ்டாப் லாஸ் அடித்துவிட்டது. 615 ரூபாயும் புரோக்கரேஜ், வரி என்று கொஞ்சமும் போனது. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அதே பெஞ்சில் இருந்தான். கையில் ஒரு சின்ன நோட்டு. முதல் பக்கத்தில் மேலே 'ஸ்டாப் லாஸ்' என்று எழுதியிருந்தது, அதற்குக் கீழேதான் 'எத்தனை'.